எட்டுப் பேர் வேண்டும்

நியாம்பாலே அந்த நீலப் பெட்டியில் இருந்த மருந்துக் குப்பியைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போன செவ்வாய்க்கிழமையைப் பற்றி சிதோவோவில் இப்போது யாரும் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் நானும் ஒருவன். அதனால் சொல்கிறேன்.

சிதோவோ ஒரு பெரிய ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர். பின்னால் மலை, முன்னால் தண்ணீர், நடுவில் மரவள்ளித் தோட்டங்களும் இருநூறு சொச்சம் வீடுகளும். மாவட்ட அலுவலகங்களும் ஆஸ்பத்திரியும் இருக்கும் போமாவுக்குப் பாதி வருஷம் படகில்தான் போகவேண்டும். சிதோவோ தொடக்கப் பள்ளியில் பதினாலு வருஷம் வாத்தியாராக இருந்தேன். என் குடியிருப்புக்கும் விட்ஸன் சிர்வாவின் வீட்டுக்கும் நடுவே ஒரு நாணல் வேலிதான். அவர்கள் வீட்டில் மரவள்ளிமாவில் கொண்டோவோலே என்ற களி கிண்டும்போது துடுப்பு சட்டியில் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் பரீட்சைத் தாள் திருத்தும்போது மனைவியோடு போடுகிற சண்டை அவர்களுக்குக் கேட்கும்.

விட்ஸன் மீன்பிடிக்கிறவன். அதிகம் பேசமாட்டான். அவன் மனைவி லுசுங்கு அரசாங்க சுகாதார ஊழியர். எங்கள் பக்கம் கல்யாணமான பெண்ணைப் பிறந்த வீட்டுக் குலப்பெயரோடு 'நியா' சேர்த்துக் கூப்பிடுவோம். ஆகவே ஊருக்கு அவள் நியாம்பாலே. ஐந்து ஊர்கள் அவள் பொறுப்பில் இருந்தன. பிள்ளைகளைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டு எடை பார்ப்பது, கிணற்றில் மருந்து போடுவது, கொசுவலை கொடுத்துவிட்டு அதை மீன்வலையாக்கியவர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள்தான். அரசாங்கம் கொடுத்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. மலைச் சரிவில் இறங்கும்போது செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவாள். வருஷத்துக்கு நாலு ஜோடி செருப்பு தேயும்.

விட்ஸனின் வீட்டிலிருந்து இருபது தப்படி தள்ளி அவன் அக்கா ஃபலேசியின் வீடு. அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் போனபோது விட்ஸனுக்கு நாலு வயது, ஃபலேசிக்குப் பதினைந்து. அவள்தான் உசிப்பா மீனைக் காயவைத்து விற்று அவனை வளர்த்தாள். அவளைக் கட்டினவன் தெற்கே சுரங்க வேலைக்குப் போனான், கடிதம் வந்தது, பிறகு கடிதமும் வரவில்லை. பிள்ளைகள் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் சர்க்கரை வந்தது. முப்பது வருஷம் மீன் அடுப்புப் புகையை விழுங்கியதில் நெஞ்சில் இழுப்பும் சேர்ந்துகொண்டது. ஆனால் வாய் மட்டும் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனால் என்னைப் பார்த்து, "மாஸ்டர், பிள்ளைங்க உங்களுக்குப் பாடம் நடத்தக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்பாள்.

உலகத்தையே முடக்கிய அந்தத் தொற்றுநோய் வந்த இரண்டாம் வருஷம் அதற்கான தடுப்பூசி வந்தது. ஊசியைவிட ஒரு மாசம் முந்தி வதந்தி வந்துவிட்டது. போட்டால் ஆண்களுக்கு ஆண்மை போகும், பெண்களுக்குக் கரு தங்காது, இரண்டு வருஷத்தில் சாவு என்று கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு வந்து படகுக்குப் படகு சொன்னார்கள். பாதிரியார் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. வாத்தியார்களுக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். நான் போகவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. லுசுங்கு மட்டும் மார்ச் மாசமே போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் அவளை எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

வந்த மருந்தில் பெரும்பகுதி கைபடாமல் தேதி கடந்து போயிற்று. மேலிடத்தில் அது பெரிய பேச்சாகியிருக்கும்போல. மே மாச ஆரம்பத்தில் கொஞ்சம் மருந்து திரும்ப வந்தபோது கூடவே ஒரு உத்தரவும் வந்தது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும், மிச்சத்தைக் கொட்டவேண்டும். ஆகவே எட்டுப் பேராவது வந்து உட்கார்ந்த பிறகுதான் குப்பியைத் திறக்கவேண்டும். அடுத்த பகுதி ஊழியர் ஒருவர் மூன்று பேருக்காகத் திறந்துவிட்டு, ஏழு பேர் மருந்தை ஏன் கொட்டினாய் என்ற கேள்விக்கு மூன்று தடவை விளக்கம் எழுதினார். அப்படியும் அவரை வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள்.

மருந்து திரும்ப வந்த நாளிலிருந்து ஐந்து வாரமும் லுசுங்கு ஃபலேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் யாருக்கு நோய் வந்தாலும் தாங்கிவிடுவார்கள், மதினி தாங்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். வேலை முடித்து வந்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே மீன் தட்டிக்குப் போவாள். நாணல் தட்டியில் பரப்பிய உசிப்பாவைக் கையால் கிளறி, நசுங்கியதைப் பொறுக்கி, மேகம் கூடினால் இரண்டு பேருமாகச் சுருட்டி உள்ளே கொண்டுபோவார்கள். பேச்சு மீனில் ஆரம்பித்து ஊசியில் வந்து நிற்கும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"போட்டா ரெண்டு வருஷத்துல செத்துப்போவாங்களாமே" என்றாள் ஃபலேசி ஒருநாள், தட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரு சொன்னா மதினி?"

"யாரு சொல்லல? நீ எப்பப் போட்ட?"

"மார்ச்சுல."

"அப்ப இருந்து பாத்துட்டுச் சொல்றேன். நீ செத்தா நான் போட்டுக்க மாட்டேன்."

"நான் செத்தா உங்க தம்பிக்கு யாரு கிண்டிப் போடறது?"

"நீ வர்றதுக்கு முன்னாடி இருபத்திரெண்டு வருஷம் யாரு போட்டா நர்ஸம்மா? அவன் காத்தைக் குடிச்சா வளந்தான்?"

லுசுங்கு நர்ஸ் இல்லை. அவளைச் சீண்டவேண்டும் என்றால் ஃபலேசி அப்படித்தான் கூப்பிடுவாள்.

கடைசியில் அவள் மனம் மாறியது லுசுங்குவின் பேச்சால் அல்ல. மலைக்கு மேலிருக்கும் டவுனிலிருந்து மீன் வாங்க லாரியில் வருகிற நியாகயாங்கே என்ற பெண் பதினொரு வருஷமாக ஃபலேசியிடம் வாங்கிக்கொண்டிருந்தவள். ஜூன் முதல் வாரம் லாரி வந்தபோது டிரைவர் மட்டும் இறங்கினார். அந்த நோயில் அவள் போய்ப் பத்து நாளாகிறது என்றார். ஃபலேசி மீனை எப்போதும்போல அளந்து போட்டாள். லாரி போன பிறகு என் வேலியோரம் வந்து நின்றாள். அவளுக்கும் தன்னைப் போலச் சர்க்கரை என்றும், அவளும் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னாள். பிறகு வீட்டுக்குத் திரும்பும்போது, ஊசி போடுகிற செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று லுசுங்குவிடம் சொல்லச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் லுசுங்கு நிற்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் என்னிடம்தான் சொன்னாள்.

அதைக் கேட்டு எனக்கும் வெட்கம் வந்தது. நானும் வருகிறேன் என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முவேரா அடித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாசத்தில் ஏரியின் தெற்கிலிருந்து வரும் குளிர்காற்று அது. வந்தால் மூன்று நாள், ஐந்து நாள் விடாது. நாலு நாளாகப் படகே இறங்கவில்லை. அன்று விடியற்காலை காற்று கொஞ்சம் தணிந்தது, இறங்கின படகுகள் எல்லாம் உசிப்பாவை அள்ளிக்கொண்டு வந்தன. அந்த வருஷம் அப்படியொரு மீன் அதற்கு முன்பும் விழவில்லை, பிறகும் விழவில்லை. ஊரே கரையில் இருந்தது. பெண்கள் பேசினோடு முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். சூரியன் எட்டிப் பார்க்கிற நாலு மணி நேரத்துக்குள் பரப்பியாகவேண்டும், விட்டால் மீன் குழைந்துவிடும்.

ஃபலேசி இரண்டு பேசின் மீன் வாங்கினாள். பரப்பாமல் சாக்கைப் போட்டு மூடி வைத்துவிட்டு, முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமைத் துணியைச் சுற்றிக்கொண்டு கூட்டுறவுக் கொட்டகைக்கு வந்தாள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று லுசுங்கு சொல்லியிருந்தாள்.

கொட்டகையில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அவர் மனைவி, தையல்காரர், சர்ச்சில் மணியடிக்கிறவர். நான் பத்தரைக்கு வகுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு வந்தேன். ஆறு பேர். லுசுங்கு நீலப் பெட்டியை மேசையில் வைத்து, பேரேட்டைத் திறந்து, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் ஒரே ஒரு குப்பி.

பதினொன்று ஆயிற்று. லுசுங்கு கரைக்கு ஓடினாள். படகுக்குப் படகு போய்க் கேட்டாள். மீனைப் பரப்பிவிட்டு வருகிறோம் என்றார்கள். சிலர் உண்மையாகவே அப்படி நினைத்திருக்கலாம். பன்னிரண்டுக்கு நான் போய் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு வாத்தியார்களைக் கூப்பிட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் வயிற்றுவலி என்றார்.

ஒரு மணிக்கு, கொட்டகைக்குப் பின்னாலுள்ள பாறைமேல் ஏறி லுசுங்கு போமாவுக்குப் போன் பண்ணினாள். அந்தப் பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். காற்றில் காது கேட்காது என்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். நான் பாறைக்குக் கீழே நின்றேன். மேற்பார்வையாளர் சியாமே கெட்ட மனிதர் இல்லை. தினம் சாயங்காலம் அவரையும் ஒருவர் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்.

"எத்தனை பேர் இருக்காங்க?"

"ஆறு பேர் சார்."

"எட்டு வேணும்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும் சார். ஒருத்தங்களுக்குச் சர்க்கரை, இழுப்பும் இருக்கு. அஞ்சு வாரமாப் பேசி இன்னிக்குத்தான் வந்திருக்காங்க. இன்னொரு நாள் வருவாங்களான்னு சொல்ல முடியாது."

"உங்களுக்கு உறவா?"

காற்றில் பறந்த சுற்றுத் துணியை அவள் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரரோட அக்கா சார்."

"அப்ப இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும் நியாம்பாலே. சொந்தக்காரங்களுக்காகக் குப்பியத் தொறந்துட்டாங்கன்னு ஒருத்தன் எழுதிப் போட்டா நான் உங்களக் காப்பாத்த முடியாது. வெள்ளிக்கிழமை இன்னும் ரெண்டு பேரச் சேத்துக்கிட்டுப் போடுங்க. மூணு நாள்தான."

அவள் இறங்கி வந்தபோது நான்தான் சொன்னேன், பேரேட்டில் இரண்டு பேர் பெயரைச் சும்மா எழுதிவிடேன் என்று. ஒவ்வொரு பெயருக்கும் அடையாள அட்டை எண் வேண்டும், போமாவில் சரிபார்ப்பார்கள் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க ரெண்டு நம்பர் குடுப்பீங்களா மாஸ்டர்?" என்று கேட்டாள். என் மனைவியின் எண் எனக்கு மனப்பாடம். அவள் தம்பியின் அட்டை எங்கள் பெட்டியில்தான் இருந்தது. நான் ஏரியைப் பார்த்தேன். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தோம். ஏழாவதாக ஒரு பெண் வந்தாள், மடியில் கைப்பிள்ளை. பிள்ளைக்குப் போடும் ஊசி என்று நினைத்து வந்திருக்கிறாள், தெரிந்ததும் போய்விட்டாள். லுசுங்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து குப்பியைக் கையில் எடுத்தாள். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதன் மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நாங்கள் ஆறு பேரும் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திரும்ப உள்ளே வைத்தாள்.

ஃபலேசி எழுந்து துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஏ லுசுங்கு, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த நோயும் எட்டுப் பேரு சேந்தாத்தான் வருமா? இல்ல, ஒத்த ஆளா இருந்தாலும் வந்துருமா?"



"வெள்ளிக்கிழமை கட்டாயம் மதினி" என்றாள் லுசுங்கு.

"வர்றேன் போ. மூஞ்சிய அப்படி வச்சுக்காத."

அவள் மூடி வைத்துவிட்டு வந்த இரண்டு பேசின் மீனும் குழைந்துவிட்டிருந்தது. சாயங்காலம் அதை வாரி மரவள்ளிக் குழிக்கு உரமாகப் போட்டதை நான் பார்த்தேன். லுசுங்கு பக்கத்தில் போய்க் கூடையைப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை பெட்டி வரவில்லை. ஊசி போட ஆள் வராத பகுதிகளிலிருந்து மருந்தை எடுத்து, ஆள் வருகிற பகுதிக்குக் கொடுத்துவிட்டார்கள். சிதோவோ ஆள் வராத பகுதி. அடுத்த வாரம் வரும் என்றார்கள், பிறகு மாசக் கடைசியில் என்றார்கள். ஒவ்வொரு செவ்வாயும் ஃபலேசி வேலியோரம் வந்து, வந்ததா என்று கேட்பாள். நாலாவது செவ்வாய் கேட்கவில்லை. லுசுங்கு எதிரே வந்தால் வேறு ஏதாவது பேசுவாள். கேட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான்.

ஜூலை நடுவில் ஃபலேசிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மலேரியா என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் தட்டிக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள், எழ முடியவில்லை. முவேரா திரும்ப ஆரம்பித்திருந்தது. விட்ஸன் படகுக்கு இஞ்சின் கடன் கேட்டு வாங்கினான். நாங்கள் நாலு பேர் தூக்கிப் படகில் ஏற்றினோம். அந்த இழுப்பிலும் என்னைப் பார்த்து, தட்டியில் கிடக்கிற மீன் இன்னும் பாதிதான் காய்ந்திருக்கிறது, மேகம் வந்தால் சுருட்டச் சொல்லுங்கள் என்றாள். லுசுங்கு அவளைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அலை ஏறி ஏறி விழுந்தது. ஒரு மணி நேரத்துப் பயணம் மூன்று மணி நேரம் ஆயிற்று என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆக்ஸிஜன் உருளையை இரண்டு பேருக்கு மாற்றி மாற்றி வைத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

உடம்பை வெள்ளை அங்கி போட்டவர்கள்தான் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்ட வந்த பெண்கள், யாரும் நெருங்காமலிருக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பாட்டு பாட விடவில்லை. தாயாக இருந்து வளர்த்தவளின் குழியில் இறங்கிப் பெட்டியைப் பிடிக்க விட்ஸனை விடவில்லை. அவனைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவைத்த அரசாங்க ஊழியர்களில் அவன் மனைவியும் ஒருத்தி. அவளுக்கும் ஒரு வெள்ளை அங்கியைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், அவள் பகுதி என்பதால்.

ஊர் பேச ஆரம்பித்தது. பெட்டி அன்றைக்குக் காலி என்றார்கள். மருந்தை வாத்தியார்களுக்கு எடுத்து வைத்துக்கொண்டாள் என்றார்கள். சொந்த நாத்தனாருக்கே போட மறுத்தவள் நமக்கு எதைப் போடுவாளோ என்றார்கள். எட்டுப் பேர் கணக்கை நான் விளக்கிச் சொன்னேன். அப்படியானால் குற்றம் கரையில் மீன் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் மேல் வருகிறது. அதை யார் ஏற்றுக்கொள்வார்கள். என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. என் பங்கை நானும் சொல்லவில்லை.

துக்கம் முடிந்த மறுநாள் பிற்பகல். லுசுங்கு உரலில் மரவள்ளி இடித்துக்கொண்டிருந்தாள். விட்ஸன் வலை முடைந்துகொண்டிருந்தான். அவன் பேசுவது எனக்கு வேலி வழியாகக் கேட்டது.

"அன்னிக்கு நீ அதத் தொறந்திருந்தா அக்கா இருந்திருப்பாளா?"

உலக்கைச் சத்தம் நின்றது.

இல்லை என்று சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சர்க்கரை, இழுப்பு, ஒற்றை ஊசி என்ன செய்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அதை இல்லையென்று யாரும் நிரூபிக்க முடியாது.

"இருந்திருக்கலாம்" என்றாள் லுசுங்கு.

"இருந்திருப்பாளா, இருந்திருக்கலாமா?"

"நடுவுல அஞ்சு வாரம் இருந்துச்சு. ஒரு ஊசியும் கொஞ்சம் தாங்கும். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா இருந்திருக்கலாம்."

விட்ஸன் வலையைச் சுருட்டினான். பாயையும் எடுத்துக்கொண்டு இருபது தப்படி தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போனான். அவர்களுடைய மகள் பின்னாலேயே ஓடிப்போய், எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். அவன் பாயைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான்.

பிறகொருநாள் நான் லுசுங்குவிடம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் தேய்ந்த செருப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வாரமா மதினிகிட்ட உட்கார்ந்து, இந்த ஊசி காப்பாத்தும்னு சொன்னேன் மாஸ்டர். இப்ப அவர்கிட்டப் போய், காப்பாத்தியிருக்காதுன்னு சொன்னா, நான் யாருகிட்டச் சொன்னது பொய்யி?"

ஆகஸ்டு மாசம் போமாவில் கூட்டம் நடந்தது. ஊர் சுகாதாரக் குழுவில் நான் இருந்ததால் அவளோடு படகில் போனேன். மாவட்டம் முழுக்க ஒரு சொட்டு மருந்துகூட வீணாக்காத பகுதிகள் மூன்று, அதில் சிதோவோ ஒன்று என்று அறிவித்தார்கள். ஒரு பாராட்டுப் பத்திரமும் ஒரு சுற்றுத் துணியும் கொடுத்தார்கள். அவள் போய் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் நின்றிருக்கலாம், ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கால் தானாக நடந்துவிட்டது என்று திரும்பும்போது சொன்னாள். எப்படிச் சாதித்தீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார் சியாமே.

ஆறு பேரைத் திருப்பி அனுப்பினேன், அதில் ஒருவர் இறந்துவிட்டார், என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சியாமே தலையைக் குனிந்துகொண்டார். மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மக்களிடம் விழிப்புணர்வு இன்னும் போதவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது என்று சொல்லிக் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அன்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேயே வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். ஊருக்குள் எல்லாரும் பார்க்க அவள் கையால் போட்டுக்கொள்ளும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

அந்த மாசக் கடைசியில் மருந்து வந்தது. இந்தத் தடவை நிறைய. தேதி முடிய மூன்றே வாரம். கூடவே புது உத்தரவு. இனி எட்டுப் பேர் கணக்குக் கிடையாது. ஒரே ஆள் வந்தாலும் திறக்கவேண்டும், வந்தவர் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது, வீணானால் கேள்வி இல்லை. தினம் எத்தனை பேருக்குப் போட்டாய் என்பதுதான் கேள்வி.

லுசுங்கு கூட்டுறவுக் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்தாள். செவ்வாய் யாரும் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. போலீஸ்காரர் அந்தப் பக்கமாக வந்தவர், பார்த்தும் பார்க்காததுபோல் போனார். சியாமே ஒலிபெருக்கி வைத்த படகை அனுப்பினார். அது கரையோரமாகக் கத்திக்கொண்டு போயிற்று. பெண்கள் தட்டியில் மீனைக் கிளறிக்கொண்டே, இப்போது இவர்களுக்கு ஆள் வேண்டுமாம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் முறை அவள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது பள்ளிக்கூடம் விடுமுறை. பேரேட்டில் கோடு போட்டுக் கொடுக்க நானும் போயிருந்தேன். போட ஒன்றும் இல்லை, சும்மா இருந்தோம். பத்து மணி வாக்கில் விட்ஸன் வந்தான். வலை உலர்த்திவிட்டு வந்த ஈரக் கால், மணல் ஒட்டியிருந்தது. ஆறு வாரமாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினான்.

"ஒரு ஆளுக்குத் தொறக்கலாம்ல இப்ப?"

"தொறக்கலாம்" என்றாள் லுசுங்கு.

வெளியூர் ஆளிடம் கேட்பதுபோலப் பெயர், வயது, எண் எல்லாம் கேட்டு எழுதினாள். அவனும் பதில் சொன்னான். பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தாள். மூடியை நெம்பினாள். சின்னதாக 'டிக்' என்றது. அவன் ஊசியைப் பார்க்கவில்லை, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தியபோதுதான் அவன் கையை அவள் தொட்டாள். அவள் விரலை எடுக்கவில்லை, அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. சமாதானத்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"இதுல எத்தன பேருக்கு இருக்கும்?" என்று கேட்டான்.

"பத்துப் பேருக்கு."

"அன்னிக்கு எத்தன பேரு இருந்தீங்க?"

"ஆறு பேரு."

அவன் பஞ்சைத் தானே பிடித்துக்கொண்டான்.

"அப்ப நாலுதான மிஞ்சியிருக்கும் லுசுங்கு?"

அவள் குப்பியைக் கீழே வைத்தாள்.

"நாலுதான்."

"நாலு."

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்து, கொட்டகை வாசலில் குனிந்து வெளியே போனான். அக்கா வீட்டுப் பக்கம்தான் நடந்தான்.

திறந்த குப்பிக்கு ஆறு மணி நேரம் கெடு. லுசுங்கு நாலு மணிவரை உட்கார்ந்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் போய்க் கேட்டேன், என் மனைவியிடமும் கேட்டேன். யாரும் வரவில்லை. நாலு அடித்ததும் குப்பியைக் குப்பை டப்பாவில் போட்டு மூடினாள். பேரேட்டில் போட்டது ஒன்று, வீணானது ஒன்பது என்று எழுதினாள். பாறைமேல் ஏறிப் போன் பண்ணினாள். காற்று இல்லாததால் சியாமேயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஒம்பதா? பரவாயில்ல நியாம்பாலே, அதெல்லாம் இப்ப ஒரு பிரச்சினையே இல்ல. ஒண்ணு போட்டுட்டீங்கல்ல, அதுதான் முக்கியம். நாளைக்கும் தொறங்க."

அவள், சரி சார் என்றாள்.